திண்ணைப் பள்ளியின் வகுப்பறை

தமிழகத்தை விட்டு வந்து பிற மாநில நகரங்களில் வாழும் நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கவலை ஒன்றுண்டு. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழ் எழுத்தைக் கண்டால் திகைக்கின்றனர். ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைக்கூடப் பெற்றோரே படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியும் ஆங்கிலமும் கற்கும் குழந்தைக்கு மூன்றாவதாக ஓர் எழுத்தை எவ்வாறு கற்பிப்பது, எங்கே கற்பிப்பது, யார் கற்பிப்பது என்னும் வினாக்கள் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழுகின்றன. கட்டடம் இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, நேரம் இல்லை என்னும் விடைகளும் ஆண்டுதோறும் உடன் எழுகின்றன.

கட்டடமும் பலகையும் அச்சிட்ட நூலும் இன்றி எழுத்தறிவித்த தொடக்கப்பள்ளி ஒன்று நம் முன்னோர் ஊர்களில் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது அதன் பெயர். அப்பெயரை நாம் அனைவரும் அறிவோம்; அவ்வகுப்பில் நாள்தோறும் நடந்தது என்ன என்பதை மறந்துவிட்டோம். வெறும் மனப்பாடப் பள்ளி என்று அதனை இகழ்வோர் உளர். இழந்த பொற்காலம் என்று புகழ்வோரும் உளர். இகழ்ச்சியையும் புகழ்ச்சியையும் சற்றே ஒதுக்கிவைத்து, அத்திண்ணையில் அமர்ந்த குழந்தையின் கையும் வாயும் செவியும் என்ன செய்தன என்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணையும் உபாத்தியாயரும்

வீட்டின் முகப்பில் தெருவை நோக்கி அமைந்த மேடையே திண்ணை. வழிப்போக்கர் இளைப்பாறவும், முதியோர் பேசியிருக்கவும் பயன்பட்ட அவ்விடமே காலையில் பள்ளியாக மாறியது. ஊர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையிலோ, உபாத்தியாயரின் சொந்தத் திண்ணையிலோ, சில ஊர்களில் கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ பிள்ளைகள் கூடினர். தென்மாவட்டங்களில் ஆசிரியரை அண்ணாவி என்றழைத்தனர். அவருக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது. பெற்றோர் தரும் சிறு தொகை, அறுவடைக் காலத்து நெல், பண்டிகை நாட்களின் அன்பளிப்பு ஆகியவையே அவரது வருவாய்.

விசயதசமி நாளில் நெல்லைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவித்துப் பள்ளியில் சேர்த்தனர். ஐந்து வயதே பெரும்பாலும் சேர்க்கும் வயது. அமாவாசை, பௌர்ணமி போன்ற நாட்களில் விடுமுறை உண்டு. ஏனைய நாட்களில் விடியற்காலையில் தொடங்கி, காலை உணவுக்கும் நண்பகல் உணவுக்கும் இடைவேளை விட்டு, மாலை வரை பள்ளி நடந்தது.

பள்ளிக்கு முதலில் வருவோரைச் சிறப்பிப்பதும் பின்னர் வருவோரைக் கண்டிப்பதும் அன்றைய வழக்கம். பல்லாரி மாவட்டக் கலெக்டராக இருந்த காம்பெல் என்பவர் 1823-ஆம் ஆண்டு சென்னை அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் இதனை விரிவாகவே குறித்துள்ளார். முதலில் வருபவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் ஒரு சுழியம். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, அடுத்தவனுக்கு இரண்டு, அதற்கடுத்து வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். பல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பகுதியாயினும், தென்னாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் நடைமுறை பெரிதும் ஒத்தே இருந்தமையால் அவ்வறிக்கை நமக்கும் சான்றாகிறது.

மணலில் தொடங்கும் எழுத்து

இக்காலத்துக் குழந்தை முதலில் எழுத்தைப் பார்க்கிறது, பின் சொல்கிறது, அதன் பின்னரே எழுதுகிறது. திண்ணைப் பள்ளியின் வரிசை வேறு. அங்கே எழுதுதலே தொடக்கம். பிள்ளையின் முன் மணல் பரப்பப்படும். உபாத்தியாயரோ மூத்த மாணவனோ அதில் எழுத்தை வரைந்து காட்டுவார். குழந்தை அதன் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே சுட்டுவிரலால் அதே சுவட்டில் எழுதும். பிழையாயின் கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். எத்தனை முறை பிழைத்தாலும் மணலுக்குச் செலவில்லை. பிழையின் அடையாளமும் எஞ்சுவதில்லை. எழுத்தின் வடிவம் கண் வழியாக மட்டுமன்றி, விரல் நுனி வழியாகவும் உள்ளே சென்றது. ஐரோப்பியர் போல் நெடுங்கணக்கை வாயால் ஒப்பிக்கத் தொடங்காமல், மணலில் எழுதியே எழுத்தறியும் இவ்வேறுபாட்டைக் காம்பெலும் தம் அறிக்கையில் சுட்டியுள்ளார்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகளும் மணலில் படிந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். முதலில் அரிச்சுவடி, அதனை அடுத்து எண்சுவடி. எழுத்தாணியால் ஓலையைக் கீறுவது எளிதன்று. அழுத்தினால் ஓலை கிழியும். தளர்த்தினால் எழுத்துப் பதியாது. கீறிய ஓலையில் மையும் மஞ்சளும் பச்சிலைச் சாறும் தடவினால்தான் எழுத்துத் தெளிந்து தோன்றும். தன் சுவடியைத் தானே ஆக்கிக்கொண்ட மாணவனுக்கு எழுத்து என்பது உழைத்துப் பெற்ற பொருளாயிற்று.

இம்மணலில் அமர்ந்து தமிழ் கற்றோருள் ஐரோப்பியர் ஒருவரும் உண்டு. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், முதிய திண்ணை ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு அழைத்து, சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பின்னாளில் தமிழில் நூல்களை அச்சேற்றிய கை அவ்வாறு தொடங்கியதே.

செவியும் நாவும்

எழுத்தறிந்த பின் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, வெற்றி வேற்கை, மூதுரை, நல்வழி, நன்னெறி என்று நீதிநூல்கள் வரிசையாக வரும். மேலே செல்வோர்க்கு நிகண்டும் சதகங்களும் அந்தாதிகளும் உண்டு. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் அகர வரிசையில் அமைந்தவை என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. குழந்தை மணலில் எழுதிப் பழகிய எழுத்துகளே, அதே வரிசையில், ஒவ்வோர் அடிக்கும் முதலாக வந்து நிற்கும். ஓர் அடி மறந்துபோனால் அடுத்த எழுத்து அதனை நினைவூட்டும். எழுத்து நூலைக் காத்தது. நூல் எழுத்தைக் காத்தது.

பாடங்களை ஒருவன் சொல்ல ஏனையோர் ஒருசேரத் திருப்பிச் சொல்வதை முறை சொல்லுதல் என்பர். காலையிலும் மாலையிலும் தெருவெங்கும் கேட்கும் அவ்வொலியே ஊருக்குப் பள்ளி நடப்பதை அறிவித்தது. கூச்சமுள்ள குழந்தையும் பலரது குரலுக்குள் தன் குரலை மறைத்துக்கொண்டு பழகலாம். துணிவு வந்தபின் தனித்துச் சொல்லலாம். மாலையில் வீடு திரும்புமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லியனுப்பி, மறுநாட் காலையில் அதனைக் கேட்கும் வழக்கமும் இருந்தது. சிறு விளையாட்டுப் போல் தோன்றும் இப்பயிற்சி, நினைவாற்றலை வளர்த்ததோடு சொல்வளத்தையும் பெருக்கியது.

இக்கல்வியால் விளைந்த பயனுக்கு டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஒருவரே போதிய சான்று. 1855-ஆம் ஆண்டு உத்தமதானபுரத்தில் பிறந்த அவர், தம் இளமையில் மணலிலும் ஓலையிலும் எழுதிப் பயின்றதைத் தம் வாழ்க்கை வரலாறான 'என் சரித்திர'த்தில் விவரித்துள்ளார். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் எகர ஒகரங்களுக்கும் நெடில்களுக்கும் வேறுபாடு தெரியாது. பொருளுணர்ந்தே எழுத்தை அறிய வேண்டும். அத்தகைய சுவடிகளைப் படித்து, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொணர்ந்தவர் அவர். அப்பெரும்பணிக்கு வேண்டிய புலமை பல ஆசான்களிடம் வளர்ந்தது. ஓலையோடு கண்ணுக்கும் கைக்கும் வேண்டிய உறவு திண்ணையில் தொடங்கியது.

நாழியும் முந்திரியும்

திண்ணைப் பள்ளியின் பாதிப் பொழுது கணக்குக்கு உரியது. எண்சுவடியில் பெருக்கல் வாய்பாடு மட்டுமன்றிப் பின்ன வாய்பாடும் உண்டு. ஒன்றில் 320-இல் ஒரு பங்கு முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா சேர்ந்தால் கால். இப்பின்னங்களையும் சிறுவர்கள் மனத்தாலேயே கூட்டிப் பெருக்கினர். முகத்தலளவைக்கு நெல்லிலக்கம் என்னும் சுவடி உண்டு: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆகவே கலத்துக்கு 96 நாழி. பொன் நிறுக்கப் பொன்னிலக்கம். நிலத்தின் பரப்பைக் காணக் குழிமாற்று.

இவை யாவும் ஊரின் வாழ்வோடு ஒட்டியவை. களத்தில் நெல் அளக்கப்படுவதைக் காலையில் பார்த்த சிறுவன், அதே கணக்கைத் திண்ணையில் மனத்தால் போட்டான். புதுவை பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர் து. செந்தில்பாபு, 2022-ஆம் ஆண்டு வெளியான தம் ஆங்கில நூலில் இச்சுவடிகளை நுணுகி ஆராய்ந்துள்ளார். திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தைச் சிந்தனையற்ற ஒப்பித்தல் என்று ஒதுக்கிவிடல் ஆகாது, நினைவு என்பதே அங்குக் கற்கும் முறையாகவும் கணக்கைத் தீர்க்கும் கருவியாகவும் விளங்கியது என்பது அவர் கண்ட முடிவு. தாளும் எழுதுகோலும் இன்றிச் சந்தையிலும் களத்திலும் உடனுக்குடன் விடை காண வேண்டிய சமுதாயத்துக்கு அது இன்றியமையாத பயிற்சியாக இருந்தது.

சட்டாம்பிள்ளை

ஒரே திண்ணையில் ஐந்து வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் அமர்ந்திருப்பர். ஒருவன் மணலில், ஒருவன் ஓலையில், ஒருவன் நிகண்டில், ஒருவன் குழிமாற்றில். அனைவர்க்கும் உபாத்தியாயர் ஒருவரே. இது எவ்வாறு இயன்றது?

சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவனே இதற்கு விடை. கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். கீழ்ப்பிரிவுகள் சட்டாம்பிள்ளைகளின் பொறுப்பிலும், மேற்பிரிவு நேரே ஆசிரியரின் பார்வையிலும் இருக்கும். ஆசிரியரின் கண் மட்டும் எல்லார் மீதும் இருக்கும். ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குச் செல்ல ஆண்டிறுதி வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பாடம் வந்தால் மேலே செல்லலாம். வராவிடில் மணலிலேயே இருக்கலாம். விரைவில் கற்போனைப் பிறர் தடுப்பதில்லை; மெல்லக் கற்போனைப் பிறர் இழுத்துச் செல்வதுமில்லை. பிறர்க்குச் சொல்லிக் கொடுக்கும்போது தன் அறிவு உறுதிப்படுகிறது என்னும் உண்மையும் இம்முறையில் அடங்கியிருந்தது. செலவின்றி எழுதப் பழக்குவதும், கற்றவனைக் கொண்டு கல்லாதவனுக்குக் கற்பிப்பதும் பாராட்டத் தக்கவை என்றும், இங்கிலாந்து இவற்றைப் பின்பற்றியது தகுதியானதே என்றும் காம்பெல் எழுதியுள்ளார்.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

இங்கிலாந்து பின்பற்றிய கதை சுவையானது. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண்மக்களுக்கென அமைந்த அநாதை விடுதிப் பள்ளியின் மேற்பார்வை அவர் கைக்கு வந்தது. ஆசிரியர்கள் போதவில்லை, இருந்தவர்களுக்கும் ஆர்வமில்லை. ஒருநாள் அவர் உள்ளூர்ப் பள்ளியொன்றைக் கடந்து செல்கையில், சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யுமாறு பணித்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் இயலாதென்றனர். பெல் மனந்தளராமல், ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனை அழைத்து, நெடுங்கணக்கு வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர்கள் இயலாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான். பின்னர் அப்பள்ளியின் வகுப்புகள் பெரும்பாலும் மாணவர்களாலேயே நடத்தப்பெற்றன.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், 1797-ஆம் ஆண்டு இலண்டனில் இச்சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இலண்டனில் இத்தகைய முறையை நடத்திவந்தார். முதலில் யார் கண்டது என்று இருவர்தம் ஆதரவாளரிடையே பூசல் மூண்டது. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சார்பில் தேசியக் கல்விச் சங்கம் தோன்றி, பெல்லின் முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளை நிறுவியது. அம்முறைக்கு வழங்கிய பெயர் 'சென்னை முறை' என்பதே. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்பெறுகிறது. ஃபிரிஸ்கனின் பெயர் வரலாற்றில் நின்றது. மணல் பரப்பிய திண்ணை உபாத்தியாயரின் பெயர் நிற்கவில்லை.

எனினும் கடல் கடந்த முறை வடிவம் மாறியது. திண்ணையில் பத்துப் பதினைந்து பேர். இங்கிலாந்தின் கூடங்களிலோ நூற்றுக்கணக்கானோர். ஆசிரியர் ஒருவர் ஆயிரம் பேர்க்கும் போதும் என்று லங்காஸ்டர் உரைத்தார். வரிசையும் கட்டளையும் மணியோசையும் மிகுந்து, தொழிற்சாலை போன்ற ஒழுங்கு புகுந்தது. ஆசிரியரின் கண் எல்லார் மீதும் படும் நெருக்கத்தை மட்டும் கப்பலேற்ற இயலவில்லை.

மன்றோவின் சுற்றறிக்கை

சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு குறிப்பாணை பிறப்பித்தார். ஒவ்வொரு மாவட்டத்திலும் எழுதப் படிக்கக் கற்பிக்கும் பள்ளிகள் எத்தனை, மாணவர் எத்தனை பேர், எந்த எந்தச் சாதியினர், என்னென்ன நூல்கள் என்று படிவமிட்டுக் கேட்டார். அலுவலகக் கோப்புகளிடையே நாளைக் கழிக்கும் என் போன்றோர்க்கு இச்சுற்றறிக்கையின் போக்கு மிகவும் பழக்கமானதாகவே தோன்றும். விடைகள் வந்துசேர மூன்றாண்டுகள் ஆயின. சிலர் படிவத்தை நிரப்பியதோடு நின்றனர். காம்பெலைப் போன்ற சிலர் நீண்ட விளக்கம் எழுதினர். கன்னட மாவட்டக் கலெக்டரோ, இக்கணக்கெடுப்பால் பயனில்லை என்று கூறிப் படிவத்தை நிரப்பாமலே விட்டார்.

1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மன்றோ தொகுத்துரைத்த கணக்கின்படி, மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. மாணவர் 1,88,650 பேர். சராசரி காணின் பள்ளி ஒன்றுக்கு 15 பேர். வீட்டிலேயே கற்போரையும் சேர்த்தால் ஆண்பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர்க்கு அண்மையில் ஏதோ ஒரு கல்வி பெறுகின்றனர் என்பது மன்றோவின் மதிப்பீடு. தமிழ் மாவட்டங்களின் பட்டியலில் அன்று சூத்திரர் எனக் குறிக்கப்பட்ட வேளாண், கைத்தொழில் குடிகளின் பிள்ளைகளே பெரும்பான்மையினர்.

1931-ஆம் ஆண்டு அக்டோபரில் காந்தியடிகள் இலண்டனில் பேசுகையில், ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இந்தியாவில் எழுத்தறிவு குன்றிவிட்டது என்றார். பழைய கல்வியை ஓர் அழகிய மரத்துக்கு ஒப்பிட்டார். சர் பிலிப் ஹார்ட்டாக் அதனை மறுத்துச் சான்று கேட்டார். நெடுங்காலத்துக்குப் பின் தரம்பால் என்னும் அறிஞர் மன்றோ காலத்து ஆவணங்களைத் தேடித் தொகுத்து, காந்தியடிகளின் அவ்வுவமையையே தலைப்பாக்கி 1983-இல் நூலாக வெளியிட்டார். நாம் மேலே கண்ட கணக்குகள் பரவலாகத் தெரியவந்தது அதன் பின்னரே.

அடைபட்ட கதவுகள்

இவ்வளவும் கூறியபின், அதே ஆவணங்கள் காட்டும் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. 1,88,650 மாணவருள் பெண்கள் 4,540 பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. பல்லாரி மாவட்டத்துப் பள்ளிகள் 533-இல் பயின்ற 6,641 பேரில் சிறுமியர் 60 பேரே. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. திண்ணை தெருவை நோக்கித் திறந்திருந்தது. தெருவே எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. 1707-இல் தரங்கம்பாடியில் சிறுமியர்க்கெனத் தொடங்கப்பெற்ற பள்ளியும், 1894-இல் அடையாற்றில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென ஆல்காட் நிறுவிய பள்ளியும், அரசாங்கப் பொதுப்பள்ளிகளுமே அக்கதவுகளைச் சிறிது சிறிதாகத் திறந்தன. நம்முள் எத்தனையோ குடும்பங்களின் முதல் எழுத்தறிவு, திண்ணை மறைந்த பின்னரே வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தண்டனைகளும் கொடியவை. கைகளைக் கயிற்றில் பிணைத்து விட்டத்திலிருந்து தொங்கவிடும் கோதண்டம், இடையறாது எழுந்தமரச் செய்யும் தோப்புக்கரணம், பிரம்படி ஆகியவற்றால் பள்ளி என்றாலே நடுங்கிய பிள்ளைகள் பலர். மற்றொரு குறையையும் காம்பெல் சுட்டினார். பேச்சு வழக்குக்கு எட்டாத செய்யுள் நடையில் அமைந்த நூல்களைப் பிள்ளைகள் பொருளறியாமலே ஒப்பித்தனர். பொருளறியாத ஆசிரியரும் இருந்தனர். கணக்கில் வாழ்வோடு ஒட்டி நின்ற வகுப்பு, செய்யுளில் வாழ்விலிருந்து விலகி நின்றது.

திண்ணை மறைந்த விதம்

திண்ணைப் பள்ளி ஒரே நாளில் மூடப்படவில்லை. நாடு வறுமையுற்றதால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இயலாத நிலை பரவி வருகிறது என்று 1823-இலேயே காம்பெல் வருந்தினார். 1835-இல் ஆங்கிலக் கல்விக்கே அரசின் பணம் என்னும் கொள்கை வலுப்பெற்றது. அதே ஆண்டில் அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடுகள் தளர, மலிவான அச்சுநூல்கள் பெருகி ஓலையை மெல்ல விலக்கின. 1854-ஆம் ஆண்டு உட் என்பாரின் கல்வி அறிக்கைக்குப் பின் கல்வித்துறை அமைந்தது. மானியமும் மேற்பார்வையாளரும் வந்தனர். மானியம் வேண்டின் அட்டவணையும் வகுப்புப் பிரிவும் பாடநூலும் வேண்டும். மணலிருந்த இடத்தில் கற்பலகை வந்தது. முந்திரியும் காணியும் போய் ஆங்கில அளவைகள் வந்தன. ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் சென்ற நிலை போய், ஒரே வகுப்பு ஒரே பாடம் என்னும் நிலை வந்தது. ஊர்க் களத்துக் கணக்கு தேர்வுத்தாளில் இல்லாதபோது, அதனைக் கற்பிக்கும் உபாத்தியாயருக்கும் ஊரில் வேலை இல்லாமற் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சிற்றூர்கள் சிலவற்றில் எஞ்சியிருந்த திண்ணைகள், பின்னர் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன.

மீண்டும் விரல் நுனி

வரலாறு சில வேளைகளில் சுற்றிக்கொண்டு வரும். 1939-ஆம் ஆண்டு மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலியைச் சார்ந்த தம் கல்வி முறையைக் கற்பிக்கச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிக் கற்பது அவர் முறையின் ஒரு கூறு. பெல் மணலைக் கண்டு வியந்த அதே நகரில், 150 ஆண்டுகளுக்குப் பின், விரல் நுனியால் எழுத்தறிவது புதுமையாகப் போற்றப்பெற்றது. அம்மையார் அதனைத் தம் சொந்த ஆய்வால் கண்டவர். நம் திண்ணையிலிருந்து எடுத்தவர் அல்லர். குழந்தையின் இயல்பை உற்றுநோக்குவோர் ஒரே முடிவுக்கு வருதல் இயற்கையே.

2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் என்னும் முறை தொடங்கப்பெற்றது. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைத் தழுவிய அம்முறை 2007-ஆம் ஆண்டையொட்டித் தமிழகத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. அதில் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகத் தரையில் அமர்ந்தனர். ஒவ்வொருவரும் அட்டைகளைக் கொண்டு ஏணிப்படி போல் தத்தம் வேகத்தில் முன்னேறினர். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை அமைந்தது. மூத்தவர் இளையவர்க்கு உதவினர். 2022-இல் தொடங்கப்பெற்ற 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டமும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, பாட்டும் விளையாட்டும் செய்கையுமாகக் கற்பிக்க முற்பட்டது. எண்ணையும் எழுத்தையும் இணைத்த அப்பெயரே எண்சுவடி, அரிச்சுவடி என்னும் பழைய இணையை நினைவூட்டுகிறது. இம்முறை சாதியும் பாலும் கேட்காமல், பிரம்பும் கோதண்டமும் இன்றி.

நம் பிள்ளைகளும் நாமும்

இனி, தொடக்கத்தில் கூறிய கவலைக்கு வருவோம். புலம்பெயர்ந்து வாழும் நமக்குத் திண்ணை இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடமோ, சங்கத்தின் ஓர் அறையோ உண்டு. அங்கு வாரம் ஒருநாள் கூடும் பிள்ளைகள் ஒரே வயதினர் அல்லர்; ஒரே நிலையினரும் அல்லர். ஒருத்தி சரளமாகப் பேசுவாள்; ஒருவன் கேட்டுப் புரிந்துகொள்வான், பேசக் கூசுவான். இதனை நாம் பெருங்குறையாகக் கருதி, வகுப்பு நடத்த இயலாது என்கிறோம். திண்ணை உபாத்தியாயரோ இதனையே வகுப்பின் இயல்பு என்று கொண்டார். பன்னிரண்டு வயதினள் ஆறு வயதினனுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும்; கொடுப்பவளுக்கும் தமிழ் உறுதிப்படும். ஒரு தட்டில் மணலோ அரிசியோ பரப்பினால் எழுதுபலகை ஆயிற்று. ஒருசேரச் சொல்லும் பாடலில் கூச்சம் கரையும். வீடு திரும்புமுன் ஒரு பூவின் பெயரைச் சொல்லியனுப்பினால், அடுத்த வாரம் வரை அக்குழந்தையின் வாயில் ஒரு தமிழ்ச் சொல் நிற்கும்.

ஆனால் திண்ணையின் குறைகளை நாம் மீண்டும் சுமக்க வேண்டா. பொருளறியாமல் ஒப்பித்துப் பரிசு பெறும் குழந்தை, மேடையை விட்டு இறங்கியதும் அச்செய்யுளை மறந்துவிடும். நாழியும் குறுணியும் அன்றைய பிள்ளைக்குக் கண்முன் இருந்தவை. இன்றைய நம் பிள்ளைக்குக் கண்முன் இருப்பவை பேருந்தின் எண்ணும் கடைத்தெருவின் விலையும் பாட்டியின் தொலைபேசிக் குரலும். அவற்றைத் தமிழில் எழுதவும் எண்ணவும் சொல்லவும் பழக்குவதே இன்றைய அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆகும்.

பள்ளி ஒன்றுக்குச் சராசரி 15 பிள்ளைகள், ஓர் உபாத்தியாயர், ஒரு பிடி மணல் என்ற அளவில் ஒரு மாகாணம் முழுவதும் எழுத்தறிவு நடந்தது. நம் சங்கங்களில் 15 பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. கட்டடம் வரட்டும், பாடநூல் வரட்டும் என்று நாம் காத்திருக்கும் ஆண்டுகளில் அப்பிள்ளைகள் வளர்ந்துவிடுகின்றனர். காத்திராமல் தொடங்குவோர்க்கு நம் முன்னோரின் வகுப்பறை இன்றும் வழிகாட்டும்.